எங்கள் ஏழு வீட்டுக்குத் தனிப் பாக்கு

எனக்குத் தலைப்பிள்ளை வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது எங்கள் ஊர் சண்டைக்குப் போனது. ஊர் என்று சொல்கிறேனே தவிர, மொத்தம் ஏழு வீடு. ஜவ்வாது மலை செங்கம் பக்கமாகச் சரிகிற ஒரு மடிப்பில், சாமைக் கொல்லைகளுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் அம்மா ஊர் பெரியது. கோயில் உண்டு, சர்க்கார் பள்ளிக்கூடம் உண்டு. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்துவிட்டு, நான் இந்த ஏழு வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தேன். ரெண்டுக்கும் நடுவில் ஒரு மேடு, ஒரு ஓடை. அடுப்பில் உலை வைத்துவிட்டுக் கிளம்பினால், உலை கொதிப்பதற்குள் போய்ச் சேரலாம்.

தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு வழக்கத்தைவிடப் பெரிய காரணம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் பிள்ளைப்பேறு பார்ப்பது என் அம்மாதான். எங்கள் ஏழு வீட்டில் அந்தக் கை யாருக்கும் கிடையாது. என் மாமியார் நல்லவள், ஆனால் கோழி அறுப்பதைப் பார்த்தாலே கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரி என்றால் டோலி கட்டி, நாலு பேர் தூக்கி, போளூருக்கு இறங்க வேண்டும். முந்தின வருஷம் அப்படித் தூக்கிக்கொண்டு போன ஒருத்தியைப் பாதி வழியிலேயே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் எனக்கு ஒரே எண்ணம்தான். வலி வருகிற நேரத்தில் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும்.

சண்டை எங்களுடையது இல்லை. அம்மா ஊரை எல்லாரும் பள்ளிக்கூடத்து ஊர் என்பார்கள். அதற்கும், எங்களுக்கு மேற்கே இருந்த மேட்டு ஊருக்கும்தான் சண்டை. மேட்டு ஊரும் பெரியது. எங்கள் ஏழு வீடும் இரண்டு தலைமுறைக்கு முன்னால் அங்கிருந்து பிரிந்து வந்ததுதான். ரெண்டு ஊரும் சேர்ந்து வேட்டைக்குப் போய் ஒரு காட்டுப்பன்றியை அடித்திருக்கிறார்கள். பன்றி எந்த ஊர் எல்லையில் விழுகிறதோ அந்த ஊருக்குத் தலை. இது சரியாக எல்லைக்கல் மேல் விழுந்துவிட்டது. தலை ஒரு பக்கம், பின்பக்கம் ஒரு பக்கம். விழும்போது தலை எங்கள் பக்கம்தான் இருந்தது, நாய்கள் இழுத்துத் திருப்பிவிட்டன என்று மேட்டு ஊர் சொன்னது. நாய்களும் உங்கள் நாய்கள்தானே என்று பள்ளிக்கூடத்து ஊர் சொன்னது. மூன்று நாள் பேசினார்கள். அதற்குள் பன்றித் தலை நாறிப்போய் யாருக்கும் ஆகாமல் போனது. மானம் மட்டும் நாறாமல் இருந்தது. இரண்டு ஊரும் முள் போட்டுக்கொண்டன.

எங்கள் மலையில் சண்டை என்றால் கத்தியும் கம்பும் இல்லை. பெரிய இலந்தை முள் கிளையை வெட்டி, எதிரி ஊருக்குப் போகிற பாதையின் குறுக்கே போடுவார்கள். அதற்குப் பிறகு பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது, நல்லது கெட்டது கிடையாது, போக்குவரத்து கிடையாது. முள்ளை எடுக்கவும் முறை உண்டு. போட்ட ஊர்க்காரர் அடிப்பக்கத்தைப் பிடிக்க வேண்டும், எதிர் ஊர்க்காரர் நுனிப்பக்கத்தைப் பிடிக்க வேண்டும். சேர்ந்து தூக்கி ஓரமாக வைத்தால் சமாதானம். தனியாக எடுத்தால் பணிந்து போனதாக அர்த்தம். சமாதானம் பேசக் கூப்பிடும்போது ஊருக்கு ஒரு கொட்டைப்பாக்கு தட்டில் வைத்து அனுப்புவார்கள். பாக்கு வந்தால்தான் நீ ஒரு ஊர்.

பன்றி விழுந்த அன்று எங்கள் ஆட்கள் தேன் எடுக்கப் போயிருந்தார்கள். இருந்தும் என் மாமனார் அரிவாளை எடுத்துக்கொண்டு இலந்தை மரத்துக்குக் கிளம்பினார்.

"நமக்கு இன்னாய்யா அந்தப் பன்னிகிட்ட? ஒரு துண்டு கறி கூட வரல" என்றாள் மாமியார்.

"கறிக்காவாடி சண்ட? மேட்டு ஊரு நம்ம பங்காளிங்க. அவங்க முள்ளு போட்டா நாமளும் போடணும்."

"மருமவ மாசமா கீறா. அவ அம்மா வூட்டுக்குப் போற வழி அது."

"அதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றார் மாமனார். போட்டுவிட்டு வந்தார்.

ஆறு வாரத்தில் முடியவும் முடிந்தது. ஒருநாள் காலையில் மேட்டு ஊர்ப் பக்கம் மேளம் கேட்டது. ரெண்டு பெரிய ஊரும் சமாதானம் பேசுகிறார்கள் என்று ஆடு மேய்க்கப் போனவர்கள் சொன்னார்கள். எங்கள் ஆண்கள் ஏழு பேரும் துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, பாக்குத் தட்டு வரும் என்று வரிசையாக உட்கார்ந்தார்கள். மத்தியானம் ஆட்டுக்கறி வேகிற வாசனை வந்தது. தட்டு வரவில்லை. வெயில் சாய்ந்தது. வாசனையும் நின்றுபோனது. வேட்டிகளை அவிழ்த்து மடித்து வைத்தார்கள்.

மறுநாள் மாமனார் மேட்டு ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டு, முகம் கறுத்து வந்தார்.

"உங்களுக்கும் சேத்து நாங்களே தலையாட்டிட்டோம்ன்றாங்க. நாம அவங்க நெழலாம். நெழலுக்குத் தனியா பாக்கு வெப்பாங்களான்னு கேக்கறாங்க."

மாமனாரின் தம்பி, நான் சின்ன மாமா என்று சொல்பவர், அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் பெரிய யுத்தத்தில் பர்மாவரைக்கும் போய்க் கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொண்டவர். உலகம் தெரிந்த ஆள் என்று ஏழு வீட்டிலும் பேர்.

"அப்டின்னா நம்ம முள்ளு?" என்று கேட்டார்.

"அது கெடக்குது. அவங்க முள்ளத்தான் எடுத்தாங்க."

"அப்போ பன்னிக்காரங்க ரெண்டு பேருக்கும் சண்ட முடிஞ்சிபோச்சி. நமக்கு முடியல." சின்ன மாமா யோசித்துவிட்டுத் தொடையைத் தட்டினார். "பள்ளிக்கூடத்து ஊரோட இப்ப சண்டையில இருக்கறது நாம மட்டும்தாண்ணா!"

எல்லாருக்கும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான் உள்ளே நின்று விரல்விட்டு எண்ணினேன். எட்டரை மாதம்.

"நீங்க மாமாகிட்ட கேளுங்க அத்தை, நான் அம்மா வூட்டுக்குப் போலாமான்னு" என்றேன் மாமியாரிடம்.

"நீயே கேளுடி."

மாமனாரின் முகத்தைப் பார்த்து நான் அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினது கிடையாது. தண்ணீர் கேட்டால் சொம்பை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கேட்கவில்லை.

ஆனால் அவர்களே என்னைத் தேடி வந்தார்கள். பள்ளிக்கூடத்து ஊருக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார் சின்ன மாமா. ஏழு வீட்டிலும் எழுதத் தெரிந்தது நான் ஒருத்திதான். முறத்தைக் கவிழ்த்து, அதன் மேல் காகிதத்தை வைத்து, கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்தேன். வெளிப்பக்கம் இருந்து அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

முதலாவது, எங்கள் ஏழு வீட்டுக்குத் தனிப் பாக்கு வைக்க வேண்டும். இரண்டாவது, சமாதானத்தில் எங்களுக்குத் தனி ஈச்சம்பாய் போட வேண்டும். மூன்றாவது, எங்கள் முள்ளின் நுனியைப் பிடிக்க உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வர வேண்டும்.

"நாலாவது" என்றார் மாமனார். கொஞ்சம் தயங்கினார். "உங்க ஊருப் பொண்ணு எங்ககிட்ட கீதுன்னு எழுது."

அந்தப் பொண்ணு நான்தான். எழுதினேன். பிறகு மாமியாரைக் கூப்பிட்டு, "நல்லா இருக்கான்னு எழுதட்டுமான்னு கேளுங்க அத்தை" என்றேன்.

மாமியார் கேட்டாள்.

"வாணாம். நல்லா இருக்கான்னா வரமாட்டாங்க" என்றார் மாமனார்.

"நல்லா இல்லன்னு எழுதட்டுமாம்?"

"அய்யோ, அப்பறம் கம்பு எடுத்துக்கினு வருவாங்க. இருக்கா, அவ்ளோதான். நிறுத்தச் சொல்லு."

'உங்கள் ஊர்ப் பெண் எங்களிடம் இருக்கிறாள்' என்று எழுதி நிறுத்தினேன். அம்மாவுக்கு அதை யாராவது படித்துக் காட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே காகிதத்தை மடித்தேன்.

கடிதத்தைக் கொண்டுபோனவர் வாணியம்பாடி சாயபு. தோல் பதனிடுகிறவர்களுக்காக எங்கள் மலையில் கடுக்காய் வாங்கிக் கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு போவார். எல்லா ஊருக்கும் பொது. யாருடைய முள்ளும் அவரைக் கட்டாது. அவர் வந்தால் சின்ன மாமா எழுந்து நிற்பார். மரியாதை அவருக்கா கழுதைகளுக்கா என்று யாருக்கும் தெரியாது.

நாலு நாளில் கடிதம் திரும்பி வந்தது. அதே காகிதம். பள்ளிக்கூடத்து ஊருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் வாத்தியார் கைக்குத்தான் போகும். எனக்குப் பாடம் எடுத்தவர். கையெழுத்தைப் பார்த்ததும் யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது. பழக்கம் விடவில்லை. சிவப்பு மையில் பிழை திருத்தி, கீழே பத்துக்கு ஏழு என்று போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார்.

மாமனார் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செவப்பா இன்னா போட்டிருக்கு?"

"ஏழு" என்று மெதுவாக மாமியாரிடம் சொன்னேன். மார்க்கு என்று சொல்வதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏழு! நம்ம ஏழு வூட்ட ஒத்துக்கினாங்கடா தம்பி! எழுதியே குடுத்துட்டாங்க!"

மார்க்கு என்று யார் போய்ச் சொல்வது? நான் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை ஏழு வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

தைரியம் வந்து, பாக்கு எப்போது வரும் என்று கேட்டு இரண்டாவது கடிதம் போனது. அதற்குப் பதிலைச் சாயபு வாயால் கொண்டுவந்தார். களத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"வாத்தியார் பேப்பர்ல படிச்சாராம். கொரியான்னு ஒரு தேசமாம். அங்க சண்ட நின்னுபோச்சாம். ஒரு பக்கத்துல பதினாறு தேசம் சேந்து நின்னுச்சாம். கையெழுத்து போட்டது ஒரே ஆளாம், அத்தினி பேருக்கும் சேத்து. பதினாறு தேசமே ஒரு கையெழுத்துல அடங்கறப்போ, ஏழு வூட்டுக்கு எதுக்குத் தனிப் பாக்குன்னு கேக்கறார்."

எல்லாரும் சின்ன மாமாவைப் பார்த்தார்கள்.

"கொரியாவ நான் பாக்கல. பர்மாவ பாத்தேன்" என்றார் அவர். "சப்பான்காரன் துப்பாக்கிய கீழ வெச்சப்போ மேசை போட்டாங்க. வெள்ளக்காரனுக்கு மட்டுமா நாற்காலி? கூட நின்ன சின்னச் சின்ன தேசத்துக்காரனுக்கெல்லாம் போட்டாங்க. நான் கண்ணால பாத்தேன்."

"நீ எங்க இருந்த?" என்றார் சாயபு.

"கழுதைய புடிச்சிக்கினு, தூரமா."

"எவ்ளோ தூரம்?"

"நாற்காலி தெரியற தூரம்."

"உக்காந்திருந்தவன் சின்ன தேசம்னு எப்டி தெரிஞ்சிது?"

"ஓரமா உக்காந்திருந்தான் சாயபு. அதுலயே தெரியாதா?"

'கொரியா எங்களுக்குத் தெரியாது, பர்மா தெரியும்' என்று நான் மூன்றாவது கடிதம் எழுதினேன். அதற்குப் பள்ளிக்கூடத்து ஊர் கொஞ்சம் இறங்கி வந்தது. மறுபடி ஒரு கூட்டம் போடலாம். மேட்டு ஊர்க்காரர்கள் உட்காருகிற பாயிலேயே எங்களுக்கு ஓரமாக ஒரு முழம் விடச் சொல்கிறோம் என்றார்கள்.

ஒரு முழத்தில் ஏழு பேர் எப்படி உட்காருவது என்று ரெண்டு நாள் பேச்சு. ஒருவர் உட்கார்ந்து ஆறு பேர் நிற்கலாமா, உட்காருகிறவர் யார், கிழக்கு ஓரமா மேற்கு ஓரமா என்றெல்லாம் பேசினார்கள். அதற்குள் விஷயம் மேட்டு ஊருக்கு எட்டிவிட்டது. எங்களுக்குத் தெரியாமல் எங்கள் எதிரியோடு கடிதம் போடுகிறீர்களா, எங்கள் பாயில் இடம் கேட்கிறீர்களா என்று அவர்களுக்குக் கோபம். பழைய எதிரியோடு அவர்கள் ஏற்கனவே ராசியாகி விருந்து சாப்பிட்டாயிற்று என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அவர்களும் எங்கள் பாதையில் ஒரு முள்ளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது எங்களுக்குக் கிழக்கேயும் முள், மேற்கேயும் முள். உப்பு வாங்க என் வீட்டுக்காரர் பாறைச் சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிச் செங்கத்துக்குப் போய்வந்தார். வேட்டி கிழிந்து வந்தது. நான் பயந்துபோனேன். மாமனார் மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

"நெழலுக்கு யாராவது முள்ளு போடுவாங்களா? ஒரு ஊருன்னு மதிச்சாத்தான போடுவாங்க?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

எனக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. கால் வீங்கிவிட்டது. ஒருநாள் முற்பகலில், சுள்ளி பொறுக்குகிற சாக்கில் கிழக்குப் பாதை முள் கிட்டே போனேன். அந்தப் பக்கம் பாறைமேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அரிவாளும் ஒரு பிடி புல்லும் கிடந்தன. அந்தப் புல் காய்ந்து கிடந்ததைப் பார்த்தால், ரொம்ப நாளாகவே அங்கே வந்து உட்கார்ந்திருப்பாள் போலத் தெரிந்தது.

"வயிறு எறங்கிப்போச்சிடி" என்றாள் என்னைப் பார்த்ததும். "இந்த வாரந்தான். சுத்திக்கினு வாயேன். முள்ளு பாதையிலதான கெடக்குது."

உண்மைதான். முள் பாதையின் குறுக்கேதான் கிடந்தது. ரெண்டு பக்கமும் வெறும் புல். ஆடுகள் தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போய்வந்தன.

"மாமாவ கேக்கணும்மா."

"கேளேன்."

"வெக்கமா கீது. நீ வாயேன் இங்க."

அம்மாவின் முகம் மாறியது. "சம்மந்தி வூட்டுல கூப்பிடாம நான் எப்டிடி வர்றது? எனக்கும் ஒரு மரியாதை இல்லையா? உன் மாமனாரு பாக்கு வெச்சிக் கூப்பிடட்டும், வர்றேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊருக்கு ஊர் பாக்குக்குக் காத்திருந்தது. அம்மாவும் பாக்குக்குக் காத்திருந்தாள். பிள்ளை ஒன்றுதான் எதற்கும் காத்திருக்கப் போவதில்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் சாயபுதான். எங்கள் ஏழு வீட்டில் மூட்டை மூட்டையாகக் கடுக்காய் கட்டிக் கிடந்தது. சும்மா வந்த கழுதை சுற்றிக்கொண்டு வந்துவிடும். ரெண்டு பக்கமும் மூட்டை தொங்குகிற கழுதை ஒதுங்கிப் போனால் புல்சரிவில் உருண்டுவிடும். மழைக்கு முன்னால் சரக்கு கீழே இறங்க வேண்டும்.

"யாரும் யாருக்கும் பாக்கு வெக்க வாணாம். நான் வெக்கறேன் மூணு ஊருக்கும்" என்றார். தன் பையிலிருந்தே மூன்று கொட்டைப்பாக்கு எடுத்து ஊருக்கு ஒன்றாகக் கொடுத்தார். பெரிய ஊர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தாரோ, தெரியாது. கிழக்குப் பாதை முள் பக்கத்தில் கூட்டம் என்று நாள் குறித்தார்கள்.

அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் சொன்னதுதான். மூன்று பாய் போட்டார்களாம். கிழக்கே பார்த்து உட்காருவது யார் என்று பேச்சு வந்ததாம். மூன்று ஊரும் கிழக்கே பார்த்துத்தான் உட்காருவோம் என்று நின்றதாம். சரி என்று மூன்று பாயையும் ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டு, எல்லாரும் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார்களாம். நடுப்பாயில் இருந்தவர்கள் முன்பாயின் முதுகைப் பார்த்துப் பேசினார்கள். முன்பாயில் இருந்தவர்கள் மலையைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் பின்பாய். சாயபு குறுக்கே நடந்து நடந்து, யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அன்று காலையில்தான் எனக்கு வலி எடுத்தது. முதலில் இடுப்பில் பிடித்து, பிறகு விட்டு விட்டு வந்தது. மாமியார் என்னைப் பார்த்தாள், வெளியே பார்த்தாள், தலைமுடியைக்கூட முடியாமல் கூட்டத்துக்கு ஓடினாள். அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவளுக்கும் வாய் வரவில்லை. ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று சாயபைக் கூப்பிட்டுச் சொன்னாள். சாயபு கூட்டத்தில் சொன்னார்.

"பொண்ணுக்கு நோவு எடுத்துடுச்சாம். மருத்துவச்சிய அனுப்புங்க."

பள்ளிக்கூடத்து ஊர்ப் பெண்கள் முள்ளுக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அங்கேதான் இருந்தாள். ஆனால் பேச்சு ஆண்களுக்குள் தொடங்கிவிட்டது. முள் எடுக்காமல் அந்த ஊர் ஆள் இந்தப் பக்கம் வந்தால், பணிந்தது எந்த ஊர்? பட்டாளத்தில் டாக்டர் ரெண்டு பக்கமும் போவார், அது கணக்கில் வராது என்றார் சின்ன மாமா. மருத்துவச்சி டாக்டரில் சேர்த்தியா என்று கேட்டார் வாத்தியார். மேட்டு ஊர்க்காரர் ஒருவர், இதை எங்களைக் கேட்காமல் முடிவு பண்ணக் கூடாது என்றார்.

அம்மா கொஞ்ச நேரம் கேட்டிருக்கிறாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, முள்ளைச் சுற்றிப் புல்லில் நடந்து இந்தப் பக்கம் வந்தாள்.

"நீங்க பேசிக்கினே இருங்க" என்று மூன்று பாய்க்கும் சேர்த்துச் சொன்னாளாம். "முடிஞ்சா சொல்லி அனுப்புங்க."

எங்கள் வீட்டுக்குள் அவள் நுழைந்ததை நான் பார்த்தேன். யாரும் பாக்கு வைத்துக் கூப்பிடவில்லை. வந்ததும் வராததுமாக, "வெந்நீ போடுங்க சம்மந்தி, போட்டுட்டு வெளிய போய் உக்காருங்க" என்று மாமியாரிடம் சொன்னாள். மாமியார் அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி வெளியே போனாள்.

பிள்ளை கொடி சுற்றிக்கொண்டு வந்தது. கழுத்தில் ரெண்டு சுற்று. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா பேச்சை நிறுத்தியது மட்டும் தெரிந்தது. அவள் எப்போதும் பேசிக்கொண்டே பார்ப்பவள். விரலை விட்டு ஒரு சுற்றை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டு. அது அழுத பிறகுதான், "பொட்டப்புள்ள" என்றாள்.

கூட்டம் முடிவு இல்லாமல் கலைந்தது. சாயபுக்கு அலுத்துப்போய், கடுக்காயை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று கழுதைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா போகவில்லை. பதினோரு நாள் மருந்து கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று, சுக்கும் பூண்டும் இடித்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்தாள்.

ஐந்தாம் நாள் சாயபு வந்தார். "பள்ளிக்கூடத்து ஊர்ல மூணு பொண்ணுங்க நெறமாசமா கீறாங்களாம். அதுல ஒண்ணுக்கு நோவு எடுக்கற மாதிரி கீதாம். மருத்துவச்சிய அனுப்பச் சொல்றாங்க."

மாமனாரும் சின்ன மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்ன மாமாவின் முகம் மலர்ந்தது.

"அண்ணா, எதிரி ஊரு ஆளு நம்ம கையில கீது. இத பட்டாளத்துல இன்னா சொல்வாங்க தெரியுமா? கைதி."

"கைதிய சும்மா அனுப்ப முடியாது சாயபு" என்றார் மாமனார்.

உள்ளே உலக்கைச் சத்தம் நின்றது. அம்மா கையில் உலக்கையோடு வாசலுக்கு வந்தாள்.

"யாருங்க கைதி?"

மாமனார் கூரையைப் பார்த்தார். சம்மந்தியம்மாவைக் கைதி என்று சொல்லிவிட்டோமே என்று அவருக்கு வேர்த்துவிட்டது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிறகு சாயபிடம் கேட்டாள்.

"எந்தப் பொண்ணுக்கு நோவு? கோயில் பக்கத்து வூட்டுக்காரிக்கா?"

"ஆமாம்மா."

"அவளுக்கு இன்னும் இருபது நாளு கீது. சூட்டு வலி. சீரகத்தண்ணி குடிக்கச் சொல்லு." உலக்கையைச் சுவரில் சாத்தினாள். "நான் கைதின்னா கைதியாவே இருந்துட்டுப் போறேன். எங்க ஊரு ஆளுங்க தட்டுல பாக்கு வெச்சி எடுத்துக்கினு வரட்டும். இவங்க ஏழு வூட்டுக்கும் தனியா. என் பொண்ணு என்கூட எங்க வூட்டுக்கு வரணும், எனக்கு அவ்ளோதான். போய்ச் சொல்லு சாயபு."

தன் பக்கத்துக்காகப் பேசுவது எதிரி ஊர்க் கைதி என்பது மாமனாருக்குப் புரிய நேரமாயிற்று.

மூன்று பெண்களின் மாமியார்களும் பள்ளிக்கூடத்து ஊர்ப் பெரியவரை என்ன பாடு படுத்தினார்களோ, தெரியாது. பதினோராம் நாள் காலையில் பித்தளைத் தட்டு வந்தது. நடுவில் ஒரே ஒரு பாக்கு. பெரியவரே எடுத்துக்கொண்டு வந்தார். மாமனார் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். வாயில் போடவில்லை. மடியில் முடிந்துகொண்டார்.

முள்ளுக்குப் பக்கத்தில் எங்களுக்கென்று தனி ஈச்சம்பாய் போட்டிருந்தார்கள். நல்ல பெரிய பாய். ஏழு பேரும் உட்கார்ந்தும் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அதைப் பார்த்து யாராவது சிரித்துவிடுவார்களோ என்று சின்ன மாமா காலை நீட்டி உட்கார்ந்தார். பிறகும் இடம் மிஞ்சியது. என்னைக் கூப்பிட்டுப் பிள்ளையோடு பாயின் ஓரத்தில் உட்காரச் சொன்னார்கள். உடன்படிக்கை எழுத ஆள் வேண்டுமே. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே எழுதினேன். எதற்காகச் சண்டை என்று எழுத வேண்டிய இடம் வந்தபோது யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பன்றி எங்களுடையது இல்லை. அந்த இடத்தை விட்டுவிட்டு மேலே எழுதினேன்.

மாமனார் அடியைப் பிடித்தார். பெரியவர் நுனியைப் பிடித்தார். தூக்கி ஓரமாக வைத்தார்கள். மேட்டு ஊர் முள் இன்னும் கிடந்தது. அதற்கு இன்னொரு கூட்டம் என்றார் சின்ன மாமா, சந்தோஷமாக.

கையில் ஒட்டிய முள்ளைத் தட்டிவிட்டு மாமனார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சமாதானம் ஆயிடுச்சி. இனிமே எங்க மருமவ பிரசவத்துக்குத் தாய்வூட்டுக்குப் போலாம். எங்களுக்குத் தடை இல்ல."

பிள்ளை என் மடியில் கொட்டாவி விட்டது. யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் தலையாட்டினார். வாத்தியார்கூடத் தலையாட்டினார்.

"சரிங்க சம்மந்தி" என்றாள் அம்மா. பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

கிளம்பும்போது மாமனார் முன்னால் போய் நின்றேன். "போய்ட்டு வர்றேன் மாமா" என்றேன். முகத்தைப் பார்த்து நான் முதல் தடவையாகப் பேசியதில் அவர் கொஞ்சம் பயந்துபோனார். "ம்" என்றார்.

பிரசவத்துக்கு என்று போனவள் மூன்று மாதம் இருந்தேன். போன அன்றே அம்மா வேப்பிலை போட்டு வெந்நீர் காய்ச்சி, என்னை உட்காரவைத்து முதுகில் ஊற்றினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாடி, சுடுதா?"

"இல்லம்மா" என்றேன்.

அம்மா இன்னொரு சொம்பு ஊற்றினாள்.